கடைசி ஐந்து நிமிஷத்தில் காணாமல்போகிற மகள்

கேள்வி:

அக்கா, நாங்கள் பதினேழு வருஷமாக அமெரிக்காவில், கனெக்டிகட்டில் இருக்கிறோம். மகளுக்கு 20 வயது. பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரியின் பாஸ்கெட்பால் டீமில் அவள்தான் முக்கியமான ஆள். சாதாரண மேட்ச் என்றால் இருபது, இருபத்தைந்து பாயின்ட் அநாயாசமாகப் போடுவாள். ஆனால் பெரிய டீமோடு ஆட்டம், ஸ்கோர் ஒட்டிக்கொண்டே போகிறது, கடைசி ஐந்து நிமிஷம் என்று வந்துவிட்டால், பந்து கைக்கு வந்ததுமே நெருப்பைத் தொட்ட மாதிரி பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுகிறாள். கோச்சும் "இன்னும் அசர்ட்டிவ்வாக ஆடணும்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார். என் கணவர் கேலரியில் உட்கார்ந்து "ஷூட், ஷூட்" என்று கத்துகிறார், அவள் இப்போது அவரோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை. "விட்டுக்கொடு, முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நிற்காதே" என்று சின்ன வயதிலிருந்து நாங்கள் சொல்லி வளர்த்ததுதான் இப்படி வந்து நிற்கிறதோ என்று எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நான் கோச்சிடம் போய்ப் பேசலாமா? பிப்ரவரி கடைசியில் டோர்னமென்ட் இருக்கிறது.

– பெயர் வேண்டாம், கனெக்டிகட்

பதில்:

முதலில் ஒன்று கேட்கிறேன் தங்கச்சி, நீங்கள் இருக்கிற மாநிலம் எது? கனெக்டிகட். உங்கள் வீட்டிலிருந்து காரில் எவ்வளவு நேரமோ தெரியாது, ஆனால் ஸ்டோர்ஸ் என்கிற ஊரில் இருக்கும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில், எல்லாரும் யூகான் என்று கூப்பிடுகிற அதே இடத்தில், உங்கள் பெண்ணுக்கு இருக்கிற இதே வியாதியோடு ஒரு பெண் ஐந்து வருஷம் ஆடிவிட்டு 2025-ல்தான் கிளம்பினார். பெய்ஜ் பெக்கர்ஸ். உங்கள் மகளின் அறைச் சுவரில் அந்தப் பெண்ணின் படம் ஒட்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

"பெய்ஜுக்கா? அவரா பந்தைத் தள்ளிவிட்டார்?" என்று உங்கள் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும். பெய்ஜ் எப்படிப்பட்ட ஆள் என்றால், முதல் வருஷத்திலேயே, 2021 பிப்ரவரியில், சவுத் கரோலைனாவோடு ஸ்கோர் சமமாகி ஓவர்டைம் (கூடுதல் நேரம்) போன மேட்ச்சில் யூகானின் கடைசி 13 பாயின்ட்டையும் தனியாளாகப் போட்டவர். அன்றைக்கு மொத்தம் 31. அதில் அந்தக் கடைசி மூன்று பாயின்ட் ஷாட் ரிங்கில் பட்டு எகிறி, பின்னால் இருக்கிற போர்டுக்கும் மேலே போய், எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நேராகக் கீழே வந்து விழுந்தது. அந்த வருஷம் தேசிய அளவில் சிறந்த வீராங்கனை விருதையும் வாங்கினார், முதல் வருஷ மாணவிக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆக, பயந்த சுபாவம் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படி இருந்தும் அவருடைய கோச் ஜீனோ ஔரியெம்மா வருஷக்கணக்காகப் புலம்பியது இதையேதான். இந்தப் பெண் பாஸ் கொடுப்பதில் ரொம்பப் பிரியமாக இருக்கிறாள், எல்லாரையும் ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று பார்க்கிறாள், எடுத்து ஆட வேண்டிய நேரத்தில் எடுத்து ஆட மாட்டேன் என்கிறாள் என்று. 1985-லிருந்து அந்த ஒரே டீமுக்கு கோச்சாக இருக்கிற மனுஷன், எத்தனையோ பெரிய ஆட்டக்காரிகளை உருவாக்கியவர், அவருக்கே இது ஓயாத தலைவலியாக இருந்திருக்கிறது. உங்கள் பெண்ணின் கோச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

இதனால் உங்கள் வளர்ப்பு பற்றிய உறுத்தலை நான் பாதி இறக்கிவைத்துவிடலாம். பெய்ஜை யாரும் தோசை கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி "தம்பிக்கு முதலில் கொடு" என்று வளர்க்கவில்லை, மின்னசோட்டாவில் வளர்ந்த பெண். அங்கேயும் இது வருகிறது. மீதிப் பாதியை இறக்க மாட்டேன், ஏனென்றால் பெண் பிள்ளைகளுக்கு நாம் கொஞ்சம் கூடுதலாகவே அந்தப் பாடத்தை எடுக்கிறோம், எனக்கும் எடுத்தார்கள், அதன் விலையை நான் ஒரு சிமென்ட் கோர்ட்டில் கொடுத்தேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில், கல்லூரிகளுக்கு இடையிலான மாவட்ட ஃபைனல். மரப் பலகை போர்டு, சுண்ணாம்பில் காலையில்தான் கோடு போட்டிருந்தார்கள், மத்தியானத்துக்குள் பாதி எங்கள் கான்வாஸ் ஷூவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பையன் கரும்பலகையில் ஸ்கோரை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தான். நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால். பத்து செகண்டோ என்னவோ இருக்கிறது. பந்து எனக்கு வந்தது, இடது பக்கம், தினமும் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற இடம், எனக்கு முன்னால் நிற்க வேண்டியவள் ஒரு அடி பின்தங்கி இருந்தாள். போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், எங்கள் டீமில் இருந்த முதல் வருஷப் பெண்ணைப் பார்த்தேன், அவள் ரிங்குக்கு முதுகு காட்டிக்கொண்டு கோட்டை ஒட்டி நின்றிருந்தாள், அவளிடம் எறிந்தேன். பந்து அவள் கைக்குள் நிற்காமல் வெளியே போய்விட்டது. அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் அழுதாள். எல்லாரும் அவளைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். என்னிடம் வந்து "நீ சரியாத்தான் கொடுத்தே, அவதான் பிடிக்கலை" என்றார்கள். நான் "பரவாயில்லை, விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எனக்குத் தெரியும், நான் கொடுத்தது பாஸ் இல்லை. ஷாட் தவறினால் வரப்போகிற பேச்சைத்தான் அந்தச் சின்னப் பெண்ணின் கையில் திணித்தேன். வாயைத் திறந்து இதை அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

அதனால் உங்கள் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, அவள் கொடுப்பது எந்த மாதிரி பாஸ் என்பதுதான். பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துக்கொள்ள 30 செகண்ட் இருக்கிறது. பதினெட்டு செகண்ட் பாக்கி இருக்கும்போது, ரிங்குக்கு அடியில் தனியாக நிற்பவளைப் பார்த்து ஒரு பாஸ் போனால் அது நல்ல ஆட்டம், அதை யாரும் குறை சொல்லக்கூடாது, கோச் உட்பட. நாலு செகண்ட் இருக்கும்போது, எட்டு மீட்டர் தள்ளி, கையில் பந்தை எதிர்பார்க்காமல் நிற்கிறவளிடம் போனால் அது நான் கொடுத்த பாஸ். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், கை தட்டுகிறவர்கள் இரண்டுக்கும் தட்டுவார்கள். இந்தக் காலத்தில் சின்னக் கல்லூரி மேட்ச்கூட நெட்டில் வீடியோவாகக் கிடைக்கிறது இல்லையா, ஒருநாள் தனியாக உட்கார்ந்து கடைசி ஐந்து நிமிஷத்தை மட்டும் பாருங்கள். எண்ணிப் பாருங்கள். அதை அவளிடம் சொல்லாதீர்கள், இது உங்களுக்குத் தெரிந்துகொள்ள.

"விட்டுக்கொடுப்பது நல்லதுதானே, டீம் கேம்தானே" என்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். இதில்தான் பெரிய குழப்பம். கோர்ட்டில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நன்றாகப் போடத் தெரிந்த ஒருத்தி பந்தை வாங்கியதும் கண்ணைத் தூக்கி ரிங்கைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவளைத் தடுக்கிறவளுடைய குதிகால் தரையிலிருந்து எழும்பும், உடம்பு முன்னால் வரும். பக்கத்தில் வேறு ஒருத்தியைத் தடுத்துக்கொண்டிருப்பவளும் தன்னை அறியாமல் அரை அடி இந்தப் பக்கம் சாய்வாள். அந்த அரை அடியில்தான் மற்ற நாலு பேருக்கும் வழி பிறக்கிறது. இவள் போடப்போவதில்லை என்பது எதிர் டீமுக்கு இரண்டு மூன்று தடவையில் தெரிந்துவிடும், அவர்கள் என்ன முட்டாள்களா? தெரிந்ததும் இவளைத் தடுக்கிறவள் நிம்மதியாக இரண்டு அடி பின்னால் போய் நடுவில் நின்றுகொண்டு மற்றவர்களுக்கும் சேர்த்து வழியை அடைப்பாள். அதாவது நாலு பேரை ஐந்து பேர் காவல் காக்கிறார்கள். உங்கள் பெண் விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தன் தோழிகளை நெரிசலில் தள்ளிவிட்டு ஓரமாக நிற்கிறாள். இதை அவளுக்கு யாராவது இப்படிச் சொல்ல வேண்டும். "நீ சுயநலமாக ஆடு" என்று சொன்னால் நல்ல மனசு உள்ள பெண் எவளும் கேட்க மாட்டாள், கேட்கவும் கூடாது.

அந்த "அசர்ட்டிவ்" என்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அகராதியில் பார்த்தால் வலியுறுத்துகிற, உறுதியாகக் கூறுகிற என்று என்னவோ போட்டிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு ஷாட்கூடப் போட முடியாது. எங்கள் பி.டி. மாஸ்டர் "எடுத்து ஆடு" என்பார். அதில் குரலை உயர்த்துவதோ முறைப்பதோ இல்லை. பந்து உன் கைக்கு வந்திருக்கிறது, அது உன்னுடைய முறை, அதை எடு. தவறினால் தவறியது உன்னுடையது, அதையும் எடு.

அந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம். பெய்ஜுக்கு வருகிறேன். அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2021 டிசம்பரில் முழங்காலில் அடி, அறுவை சிகிச்சை. 2022 பிப்ரவரியில் திரும்பி வந்து, அடுத்த மாதமே நார்த் கரோலைனா ஸ்டேட்டோடு இரண்டு ஓவர்டைம் போன மேட்ச்சில் 27 பாயின்ட், அதில் 15 அந்த ஓவர்டைமில் மட்டும். பிறகு அந்த வருஷ ஃபைனலில் தோல்வி. ஆகஸ்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அடுத்த சீசன் முழுக்கப் போயிற்று. 2024-ல் மறுபடி அரையிறுதி வரை வந்து, கெய்ட்லின் கிளார்க் ஆடிய அயோவாவிடம் 71-69 என்று தோல்வி. கடைசி நாலு செகண்டுக்கும் குறைவாக இருக்கும்போது யூகான் பெண் ஒருத்திமேல் ஃபவுல் கொடுத்தார் நடுவர், அமெரிக்கா முழுக்க அந்த ஒரு விசிலைப் பற்றி வாரக்கணக்கில் சண்டை. பெய்ஜ் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு ஆட்டத்தை ஒரே ஒரு விசில் ஜெயிக்கவோ தோற்கவோ வைக்காது, அது வரைக்கும் நானே எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டுப் போனார். நடுவர்மேல் போட்டுவிட்டுப் போக அருமையான வாய்ப்பு, ஊரே அதற்குத் தயாராக இருந்தது. எடுக்கவில்லை. என் பஸ் பயணத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம், கடைசி வருஷம். தோற்றால் கல்லூரி ஆட்டமே முடிந்தது என்கிற நிலை. 2025 மார்ச்சில் ஸ்போகேனில் ஓக்லஹோமாவோடு மேட்ச். முதல் பாதியில் 11 பாயின்ட், டீம் கொஞ்சம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் பாதியில் 29. மொத்தம் 40, கல்லூரியில் அவர் போட்ட அதிகபட்சம் அதுதான். யூகான் 82-59 என்று ஜெயித்தது. எல்லாரும் 40, 40 என்றுதான் பேசினார்கள். உங்கள் பெண்ணுக்கு நான் காட்ட நினைப்பது வேறு கணக்கு. அன்றைக்கு 27 தடவை ரிங்கைப் பார்த்து எறிந்திருக்கிறார், 16 விழுந்திருக்கிறது. அப்படியென்றால் 11 விழவில்லை. வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தில் பதினோரு தடவை தவறவிட்டிருக்கிறார், தவறவிட்டதற்கு அடுத்த நிமிஷமே மறுபடி எறிந்திருக்கிறார். உங்கள் பெண்ணின் பெரிய மேட்ச்களில் அவள் மொத்தமாக எத்தனை தடவை எறிந்தாள் என்று பாருங்கள். ஆறா, ஏழா? அதில் நாலு விழுந்தால் "நன்றாகத்தான் ஆடினேன்" என்று சொல்லிக்கொள்ளலாம், சதவீதம்கூட அழகாக இருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை விட்டுவிட்டால் பாதிப் பதில்தான். ஏப்ரல் 6, டாம்பாவில் ஃபைனல். மறுபடி சவுத் கரோலைனா. யூகான் 82-59 (ஓக்லஹோமாவோடு வந்த அதே ஸ்கோர், இதை எங்கள் பக்கத்தில் யாராவது ஜோசியரிடம் சொன்னால் விட மாட்டார்). 2016-க்குப் பிறகு அவர்களுக்கு வந்த முதல் பட்டம், மொத்தத்தில் 12-வது. அதில் அஸி ஃபட் 24, சாரா ஸ்ட்ராங் என்கிற முதல் வருஷப் பெண் 24. பெய்ஜ் 17. இதைப் பார்த்துவிட்டு "பார்த்தீர்களா, கடைசியில் விட்டுக்கொடுத்துத்தான் ஜெயித்தார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு முந்தின இரண்டு வாரத்துக்குள் சவுத் டகோட்டா ஸ்டேட்டோடு 34, ஓக்லஹோமாவோடு 40, யூஎஸ்சியோடு 31 என்று போட்டுக்கொண்டே வந்த ஒருத்தி கோர்ட்டில் நிற்கும்போது, அவரைத் தனியாக விட எந்த டீமுக்குத் தைரியம் வரும்? அந்தக் குதிகால் எழும்புகிற சமாசாரம்தான். அவருக்குக் கிடைத்த 17-ஐவிட, அவர் அங்கே நின்றதால் மற்றவர்களுக்குக் கிடைத்த இடம் பெரிது. அன்றைக்கு அவர் கொடுத்த பாஸை வாங்கியவளுக்கு அது சுமையாக இருந்திருக்காது.

சரி, இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

உங்கள் கணவரை கேலரியில் வாயை மூடச் சொல்லுங்கள். கோபப்படட்டும். பந்து கையில் இருக்கும் அந்த அரை செகண்டில் அவள் பார்க்க வேண்டியது ரிங்கையும் தன்னைத் தடுப்பவளையும், காதில் அப்பா குரல் விழுந்தால் அது மூன்றாவது ஆள். அதைவிட மோசம், அப்பா சொன்னபிறகு போட்டால் அது அப்பாவின் ஷாட் ஆகிவிடும், தவறினால் அப்பாவிடமும் பதில் சொல்ல வேண்டும். உங்களவருக்குக் கை சும்மா இருக்காது என்றால் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து ரீபவுண்ட், அதாவது விழாமல் திரும்பி வருகிற பந்தை யார் யார் பிடிக்கிறார்கள் என்று, எண்ணச் சொல்லுங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன், என் அண்ணனை நாங்கள் அப்படித்தான் அடக்கினோம்.

மேட்ச் முடிந்து காரில் வரும்போது ஆட்டத்தைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், ஜெயித்தாலும் சரி. பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும். அவளாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள், இடையில் "நான் அப்பவே சொன்னேன்" வரக்கூடாது.

பயிற்சியில் மாற்ற வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, இது அவள் செய்ய வேண்டியது. நெருக்கடியில் போட முடியாமல்போவது மனசு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. கால் ஓய்ந்து, மூச்சு வாங்கி, கை கனத்துப்போன நிலையில் எறிந்து பழகியிருக்க மாட்டார்கள், அதனால் அந்த நிலையில் தன் கையை நம்ப மாட்டார்கள். கோர்ட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாலைந்து தடவை ஓடிவிட்டு உடனே நின்று இரண்டு ஃப்ரீ த்ரோ, மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. அப்புறம், ஒரு தோழியை நிறுத்தி ஐந்திலிருந்து கீழே எண்ணச் சொல்லி, ஒன்று வருவதற்குள் போடுவது. விழுகிறதா என்று பார்க்கவே வேண்டாம், கையை விட்டுப் போயிற்றா என்பது மட்டும். அப்படியே, நெருக்கடி வந்தால் நான் போடப்போவது இந்த இரண்டு ஷாட்டில் ஒன்றுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். எனக்கு இடது பக்கம் என்று ஒரு இடம் இருந்ததே, அந்த மாதிரி. அந்த நேரத்தில் யோசிக்க உட்கார்ந்தால் யோசனை முழுக்க "தவறினால்?" என்பதிலேயே போய்விடும்.

இன்னொன்று, கடைசி ஐந்து நிமிஷத்தில் திடீரென்று யாராலும் எடுத்து ஆட முடியாது. முதல் மூன்று நான்கு நிமிஷத்திலேயே இரண்டு தடவையாவது ரிங்கை நோக்கி உள்ளே போய்விட வேண்டும். இடித்தால் இடிக்கட்டும், ஃபவுல் கிடைக்கும். ஆட்டம் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுக் கடைசியில் மட்டும் வேறு ஆளாக மாறு என்றால் எப்படி?

கோச்சிடம் நீங்கள் பேச வேண்டாம். 20 வயதுப் பெண்ணுக்கு அம்மா வந்து பரிந்து பேசுவதைப்போல ஒரு தலைகுனிவு கிடையாது, டிரெஸ்ஸிங் ரூமில் அது ஒரு மணி நேரத்தில் பரவிவிடும். அவளே போய்க் கேட்கட்டும். அதுவும் "நான் இன்னும் அசர்ட்டிவ்வாக என்ன செய்யணும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கடைசி இரண்டு நிமிஷத்தில் எந்த இடத்தில் பந்து வந்தால் நான் கட்டாயம் போட வேண்டும் என்று நினைக்கிறீர்கள், தவறினாலும் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு கோச் வாயால் "சம்மதம்" என்று கேட்பது அவளுக்கு முக்கியம். ஷாட் தவறியதும் பெஞ்சில் உட்கார வைக்கிற கோச்சாக இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும், அப்படியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பிரச்சினை.

ஒரு சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றாம் டிவிஷன் கல்லூரி மாதிரி தெரிகிறது, அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆக அவள் ஆடுவது காசுக்கோ படிப்புக்கோ இல்லை, பிடித்திருப்பதால் ஆடுகிறாள். டோர்னமென்ட் வருகிறது என்று நீங்கள் தேதி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அவளைவிட உங்கள் இரண்டு பேருக்கும் படபடப்பு அதிகமோ என்று தோன்றுகிறது. அந்த விஷயத்தில் என்னால் பெரிதாக உதவ முடியாது, எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

முடிந்தால் என் பஸ் கதையை அவளிடம் படித்துக் காட்டுங்கள். யாரோ ஒரு பத்திரிகைக்காரப் பாட்டி எழுதியது என்று சொல்லுங்கள், பாஸ்கெட்பால் ஆடிய பாட்டி என்றால் சிரித்துவிட்டாவது கேட்பாள். அந்த முதல் வருஷப் பெண்ணின் விலாசம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் தேடி எடுத்தேன், மேஜைமேல் இருக்கிறது.